நடுத்துறை நகர்ந்த நாள்

முன்னொரு காலத்தில், நிலத்தைவிடத் தண்ணீர் அதிகமாக இருந்த ஒரு நாட்டை மணிமாறவர்மன் என்றொரு மன்னன் ஆண்டுவந்தான். நாடு என்றால் ஒரு பெரிய ஏரி. சுற்றிலும் ஊர்கள். ஏரியின் மையத்தில் ஒரு தீவு, அதன்மேல் அரண்மனை. குதிரை, பல்லக்கு எல்லாம் அந்த மக்களுக்குக் கதைகளில் வரும் பொருள்கள். பெண் கேட்கப் போவதும் படகில், சண்டை போடப் போவதும் படகில், சமாதானமாகித் திரும்பி வருவதும் படகில். காலை வேளைகளில் ஏரியின்மேல் மூடுபனி இறங்கிவிடும். அப்போது படகுகள் தண்ணீரில் போகின்றனவா வானத்தில் போகின்றனவா என்று கரையில் நிற்பவர்களுக்குத் தெரியாது. படகில் இருப்பவர்களுக்கும் அவ்வளவு நிச்சயமாகத் தெரியாது.

மன்னன் நல்லவன்தான். ஆனால் விழித்திருக்கும்போதும் பாதி தூக்கத்தில் இருப்பவன்போல் இருப்பான். கண்ட கனவைச் சொல்லாமல் அவன் பல் துலக்கியதில்லை.

ஒரு நாள் காலை அவையில் வந்து அமர்ந்ததும் சொன்னான்: "இன்று ஓர் அற்புதமான கனவு கண்டேன். ஏரியிலுள்ள படகுகள் எல்லாம், அந்தி நேரத்தில் கொக்குகள் மரம் தேடி வருவதுபோல், நாலா திசையிலிருந்தும் நம் தீவை நோக்கி வந்துகொண்டிருந்தன. துடுப்புச் சத்தம்கூட இல்லை. நான் மாடத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். விழித்து எழுந்து பார்த்தால் ஒரு படகு இப்படிப் போகிறது, ஒன்று அப்படிப் போகிறது. மனம் வெறிச்சென்று ஆகிவிட்டது. கனவில் கண்டதுபோல நடக்க வழி உண்டா?"

"உண்டு, மன்னர் பெருமானே!" என்று எழுந்தார் துறைநாயகர் அச்சுதப் பேரரையர். நாட்டின் படித்துறைகளும் படகுகளும் அவர் பொறுப்பு. கெட்டிக்காரர். அவருக்கிருந்த ஒரே குறை, அவர் சொல்லி மன்னன் ஒருநாளும் சிரித்ததில்லை. அவை கலைந்ததும் மன்னன் அரசவை விகடகவி விடங்கனோடு தண்ணீர் ஓரமாக நடப்பான். அங்கிருந்து சிரிப்புச் சத்தம் வரும்போதெல்லாம் பேரரையருக்கு வயிறு எரியும்.

"வடகரை இலுப்பைத்துறையில் ஒருவன் தென்கரைக் கொன்றையூருக்குப் போக வேண்டுமென்றால் இன்று என்ன செய்கிறான்? கரையில் காத்துக் கிடக்கிறான். அந்தப் பக்கம் போக வேறு ஆள் சேர்ந்தால்தானே படகு புறப்படும்? எல்லாப் படகுகளும் முதலில் இங்கே வரட்டும். இங்கே இறங்கி, வேண்டிய ஊர்ப் படகில் ஏறிப் போகட்டும். இந்த ஒரு துறைக்கு வந்துவிட்டால் நாடு முழுவதும் கைக்கெட்டும். இதற்கு 'நடுத்துறை' என்று பெயரிடுவோம்."

அவை ஆரவாரித்தது. மன்னன் விடங்கனைப் பார்த்தான். "நீ ஏன் சும்மா இருக்கிறாய், விடங்கா?"

"கனவு அழகானது, மன்னா. ஓர் ஐயம். அந்தப் படகுகளில் யார் யார் இருந்தார்கள்?"

மன்னன் கண்களை மூடி, கனவுக்குள் திரும்பிப் போய்ப் பார்த்தான். "யாரும் இல்லை" என்றான் மெதுவாக. "படகுகள் மட்டும்தான்."

"அதனால்தான் சத்தமில்லாமல் வந்திருக்கின்றன" என்றான் விடங்கன்.

அவை சிரித்தது. மன்னனும் சிரித்தான். ஆனால் ஆணை பிறந்துவிட்டது: இந்நாட்டில் எக்கரையிலிருந்து எக்கரைக்குச் செல்லும் படகும் நடுத்துறையைத் தொட்டே செல்லுதல் வேண்டும், தவறும் படகு பறிக்கப்படும்.

உள்ளதைச் சொல்ல வேண்டும். முதலில் எல்லாம் நன்றாகவே நடந்தது. ஒன்றையொன்று பெயரளவில் மட்டுமே அறிந்திருந்த ஊர்கள் நடுத்துறைப் படிகளில் முகம் பார்த்துக்கொண்டன. வடகரை உப்பும் தென்கரைத் தாமரைக் கிழங்கும் பக்கத்துப் பக்கத்துக் கூடைகளில் உட்கார்ந்தன. இலுப்பைத்துறைக்காரன் ஒருவன் காலையில் புறப்பட்டு மாலையில் கொன்றையூரில் இறங்கி, நம்ப முடியாமல் மண்ணைத் தொட்டுப் பார்த்தான். விடங்கனே அதைப் பார்த்து, "பேரரையர் நல்ல காரியம் செய்திருக்கிறார்" என்று வாய்விட்டுச் சொன்னான். அதையும் கேலி என்றே பேரரையர் எடுத்துக்கொண்டார்.

போகப் போகத்தான் கூட்டம் திணறியது. ஒரு படகு தாமதமானால் அதில் வரும் ஆளுக்காக இன்னொரு படகு நின்றது. அதற்காக வேறொன்று நின்றது. மூடுபனிக்குள் மூட்டையும் குழந்தையுமாக மனிதர்கள், "கொன்றையூர்ப் படகு எது? கொன்றையூர்ப் படகு எது?" என்று தூக்கத்தில் நடப்பவர்கள்போல அலைந்தார்கள். ஒரு மாப்பிள்ளை வீட்டார் படகு மாறி ஏறி, வேறோர் ஊரில் யாருடைய கல்யாணத்திலோ வயிறாரச் சாப்பிட்டு, வெற்றிலை போடும்போதுதான் மணமேடையில் இருப்பது தங்கள் பையன் இல்லை என்று கண்டுகொண்டார்கள்.

எதிரெதிர்க் கரைக்காரர்கள் பாடு இன்னும் மோசம். விடங்கனின் ஊர் பனையடி. அதற்கு நேர் எதிரே, ஏரியின் ஒடுங்கிய கை ஒன்றைத் தாண்டினால் தாழங்கரை. பனையடியில் மிளகாய் வறுத்தால் தாழங்கரையில் தும்முவார்கள். அவ்வளவு பக்கம். அந்தத் தாழங்கரையில்தான் விடங்கன் தன் ஒரே மகள் செண்பகவடிவைக் கட்டிக்கொடுத்திருந்தான். அவள் நிறைமாதக் கர்ப்பிணி. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு அழைத்துவர வேண்டும். ஆனால் நடுத்துறை போய், அங்கே நெரிசலில் காத்துக் கிடந்து சுற்றி வர ஒரு பகல் முழுக்க ஆகும். "இந்த வயித்தோட அவ்வளவு நேரம் படகுல குந்த வைக்கக் கூடாது" என்று இரண்டு ஊருக்கும் ஒரே மருத்துவச்சியான பனையடிக் காத்தாயி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அதனால் விடங்கனின் மனைவி உமையாள்தான் அக்கரைக்குப் போய் மகளோடு இருந்தாள்.

தினமும் காலையில் விடங்கன் இக்கரையில் நிற்பான். அக்கரையில் மகள் வந்து நிற்பாள். மூடுபனியில் முகம் தெரியாது. குரல் மட்டும் வரும்.

"அப்பா, சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன்மா. நேத்து வச்ச குழம்பு இன்னிக்கு என்னைப் பார்த்து முறைக்குது."

அவள் சிரிப்பது தண்ணீர் மேல் தத்தித் தத்தி வந்து சேரும். அவையில் மன்னன் சிரிப்பதைவிட அந்தச் சிரிப்புக்காகத்தான் விடங்கன் நாள்தோறும் ஒரு பேச்சைச் சேர்த்து வைத்திருந்தான்.

இதெல்லாம் பேரரையருக்குத் தெரியும். நாட்டில் எத்தனையோ இடுக்குகள் இருக்க, காவல்படகு ஒன்றைக் கொண்டுவந்து சரியாகப் பனையடிக்கும் தாழங்கரைக்கும் இடையில் நிறுத்தினார். விடங்கன் ஒரு நாள் பொறுக்க மாட்டாமல் குறுக்கே போவான், அன்று பிடித்துக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு.

ஒரு காலையில் மகளின் குரல் வரவில்லை. மருமகனின் குரல் வந்தது.

"மாமா! அவளுக்கு வலி எடுத்துடுச்சு! அத்தை பயப்படுறாங்க! காத்தாயியம்மாவ உடனே அனுப்புங்க!"

விடங்கன் ஓடினான். காத்தாயி தன் பையை எடுத்துக்கொண்டு அவனுக்கு முன்பாகவே படித்துறைக்கு வந்துவிட்டாள். ஓடக்காரன் முத்திருளன் மட்டும் துடுப்பைத் தொடாமல் நின்றான்.

"அண்ணே, எங்கிட்ட இருக்கிறது இந்தப் படகு ஒண்ணுதான். குறுக்கே போனா பறிச்சுடுவாங்க. அதோ காவல்காரங்க நிக்கிறாங்க. அப்புறம் நான் என்ன பண்ணுவேன்?"

"ரெண்டு பேரும் பேசி முடிக்கிறதுக்குள்ள புள்ள பொறந்து நடந்தே வந்துடும்" என்றாள் காத்தாயி, படகில் ஏறி உட்கார்ந்தபடி.

விடங்கனின் மனம் ஒரு கணம் வெறுமையாக இருந்தது. வேடிக்கை எதுவும் தோன்றவில்லை. மகளின் முகம்கூட நினைவுக்கு வரவில்லை, குரல்தான் வந்தது. பிறகு, தினம் தினம் படித்துறையில் முழங்கும் அந்த ஆணை, அதன் ஒரு சொல், காதுக்குள் தனியாக ஒலித்தது. படகு கட்டும் மூங்கில் கழி ஒன்றை மண்ணிலிருந்து பிடுங்கிப் படகில் போட்டான்.

"தள்ளு, முத்திருளா. உன் படகு பறிபோகாது. போனா என் வீட்டை எடுத்துக்க."

இடுக்கின் மையத்தில் காவல்படகு வழிமறித்தது. விடங்கன் எழுந்து நின்று மூங்கிலைத் தண்ணீருக்குள் இறக்கி, சேற்றில் அழுத்தி ஊன்றினான். தோளிலிருந்த மஞ்சள் துண்டை அதன் நுனியில் கட்டினான்.

"என்னய்யா இது?" என்றான் காவல் தலைவன்.

"நடுத்துறை."

"நடுத்துறை அரண்மனையிலதானே இருக்கு?"

"அது அங்கே. பனையடிக்கும் தாழங்கரைக்கும் நடு எது? இதுதானே? எந்தப் படகும் நடுத்துறையைத் தொட்டுப் போகணும்னுதானே ஆணை? தொட்டுத்தான் போறோம்."

காவல் தலைவன் ஆணையை வாய்க்குள் முணுமுணுத்துப் பார்த்தான். எதற்கு நடு என்று அதில் இல்லை. "எனக்குப் புரியல. துறைநாயகர்கிட்டதான் கேக்கணும்."

"கேப்போம். கழி நட்டவன் நான். என்னைக் கூட்டிட்டுப் போங்க. இந்தப் படகு அந்தப் பக்கம் போகட்டும்."

காத்தாயி எட்டி, மூங்கிலில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். "தொட்டாச்சு. போப்பா."

விடங்கன் காவல்படகுக்கு மாறினான். முத்திருளனின் படகு மூடுபனிக்குள் கரைந்துபோனது. அக்கரையிலிருந்து ஏதாவது சத்தம் வருமா என்று அவன் காதைத் தீட்டிக்கொண்டே போனான். துடுப்பு, தண்ணீர், துடுப்பு, தண்ணீர். வேறு ஒன்றும் கேட்கவில்லை. அரண்மனை வரும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்தான். பின்னால் வெண்மை மட்டுமே இருந்தது.

அவையில் பேரரையர் மலர்ந்த முகத்தோடு குற்றத்தைச் சொன்னார். மன்னனின் முகம் வாடியது. "விடங்கா, நீயா என் ஆணையை மீறினாய்?"

"மீறவில்லை, மன்னா. அப்படியே நிறைவேற்றினேன். ஆணை என்ன சொல்கிறது? நடு, துறை. சரி என்று துறையை நட்டேன்."

மன்னன் சிரிப்பை அடக்கிக்கொண்டான். பேரரையர் குறுக்கிட்டார். "சொல் விளையாட்டு, பெருமானே! ஆளுக்கொரு கழியை நட்டால் இந்தத் தீவுக்கு யார் வருவார்கள்? இலுப்பைத்துறைக்காரன் மறுபடியும் கரையில் காத்துக் கிடப்பான்."

"அது நியாயம்" என்றான் விடங்கன். "என் அறியாமை தீர ஒன்று கேட்கிறேன். இந்தத் தீவுதான் நடு என்று எப்படி முடிவு செய்தீர்கள்? கயிறு பிடித்து அளந்தீர்களா?"

பேரரையர் நிமிர்ந்து நின்றார். மன்னன் பார்க்கிறான், அவை பார்க்கிறது. அழகாக ஒன்று சொல்ல அதைவிட நல்ல நேரம் ஏது? "அளப்பதற்கு என்ன இருக்கிறது? மன்னர் இருக்கும் இடமே நாட்டின் நடு! மன்னர் இருக்கும் துறையே நடுத்துறை! இதில் ஐயம் கொள்பவன் மன்னரையே ஐயுறுகிறான்!"

"ஆம், ஆம்!" என்றது அவை. மன்னன் மகிழ்ந்து தலையசைத்தான்.

விடங்கன் கைகளைக் கூப்பினான். "தெளிந்தேன். இந்தப் பொன்மொழியை இப்போதே படித்துறையில் முரசறைந்து சொல்லச் செய்யுங்கள். என்னைப் போன்ற அறிவிலிகள் இனித் தவற மாட்டார்கள்."

பேரரையர் அந்தக் கணமே ஆள் அனுப்பினார். மன்னன் பெருமூச்சு விட்டான். "ஓடக்காரனின் படகைப் பறிக்க வேண்டும். உன்னையும் அவையிலிருந்து நீக்க வேண்டும். தீர்ப்பை மாலையில் சொல்கிறேன். அதற்குள் உனக்கு ஏதாவது வேண்டுமா?"

விடங்கன் வாயைத் திறந்தான். "என் மகளுக்குப் பிரசவ நேரம், மன்னா. தாயும் பிள்ளையும் நலமா என்று தெரியாமல் நிற்கிறேன். போய்ப் பார்க்க வேண்டும். தங்கள் கையால் ஆசி கிடைத்தால் பெரும் பேறு. தாங்களும் வர வேண்டும்."

விடங்கன் குரல் தடுமாறி மன்னன் கேட்டதே இல்லை. உடனே எழுந்துவிட்டான். "படகைக் கொண்டுவாருங்கள்."

நடுத்துறையில் வழக்கமான நெரிசல். நாலா திசையிலிருந்தும் வந்த படகுகள் படியைத் தொட இடமில்லாமல் மூடுபனியில் அடுக்கடுக்காக நின்றன. முரசுக்காரன், "மன்னர் இருக்கும் துறையே நடுத்துறை!" என்று முழங்கிக்கொண்டிருந்தான். மன்னனின் படகு நகர்ந்தது. விடங்கன் அதன் பின்முனையில் நின்று துறைக் காவலர்களைக் கூப்பிட்டான்.

"ஐயா, மன்னர் எங்கே இருக்கிறார்?"

"படகில்."

"அப்படியானால் நடுத்துறை எங்கே?"

காவலர்கள் படியைப் பார்த்தார்கள். படகைப் பார்த்தார்கள். முரசுக்காரனைப் பார்த்தார்கள். அவன் அதே வாக்கியத்தை இன்னும் முழங்கிக்கொண்டிருந்தான்.

"அதோ போகுதே!" என்றான் ஒரு காவலன் பதறிப்போய். "ஏய், எல்லாரும் திருப்புங்க! நடுத்துறை போயிட்டிருக்கு! தொடாம போனா படகைப் பறிப்பாங்க!"

உப்புப் படகு திரும்பியது. கிழங்குப் படகு திரும்பியது. கல்யாணப் படகு, சந்தைப் படகு, ஆடுகள் ஏற்றிய படகு எல்லாம் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு திரும்பின. அப்போதுதான் வந்துகொண்டிருந்த படகுகளும் சேதி கேட்டு மூக்கைத் திருப்பின. மாடத்திலிருந்து பேரரையர், "நில்லுங்கள்! நில்லுங்கள்!" என்று கத்தியது முரசுச் சத்தத்தில் அமுங்கிப்போனது.

மன்னன் திரும்பிப் பார்த்தான். வெண்மூட்டத்துக்குள்ளிருந்து ஒன்றன்பின் ஒன்றாகப் படகு முனைகள் பிறந்து வந்துகொண்டிருந்தன. முதலில் அது அவனுக்கு மிக அழகாகத் தெரிந்தது. "கனவேதான்" என்று முணுமுணுத்தான். பிறகு குரல்கள் வந்தன.

"எங்கய்யா இழுத்துட்டுப் போறீங்க? எங்க வீட்டுல சீமந்தம்!"

"நான் இறங்க வேண்டிய ஊரு அந்தப் பக்கம்தானே இருக்கு!"

"ஆடு தண்ணிக்குள்ள பாயுது, பிடி, பிடி!"

மன்னன் மிரண்டுபோய், "இவர்கள் எல்லாம் எங்கே போகிறார்கள்?" என்று கேட்டான்.

"நாம் போகும் இடத்துக்கு, மன்னா."

"ஏன்?"

"நாம் போவதால்."

தாழங்கரையில் படகு தட்டியதும் விடங்கன் மன்னனை மறந்தான், மரியாதையை மறந்தான், தண்ணீரில் குதித்து ஓடினான். வாசலில் காத்தாயி கை கழுவிக்கொண்டிருந்தாள்.

"பொட்டப்புள்ள. கொடி சுத்திக்கிட்டு இருந்துச்சு. இன்னும் கொஞ்சம் நேரம் போயிருந்தா என் கையில ஒண்ணும் இருந்திருக்காது. இப்ப ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. போய்ப் பாரு."

உள்ளே பாயில் மகள் களைத்துக் கிடந்தாள். "அப்பா, ஏதாவது சொல்லுங்க, சிரிக்கணும்போல இருக்கு" என்றாள். வாழ்நாள் முழுவதும் பேசியே பிழைத்த விடங்கனுக்கு ஒரு சொல்லும் வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினான். அந்த முகத்தைப் பார்த்தே அவள் சிரித்துவிட்டாள். பின்னாலேயே வந்து நிலைப்படியில் நின்ற மன்னன் காத்தாயி சொன்னதைக் கேட்டிருந்தான். அவன் குழந்தையைப் பார்த்தான், ஆசி சொன்னான், வெளியே வந்தான்.

கரையில் அதற்குள் ஒரே அமளி. ஒடுங்கிய அந்த இடுக்கில் நாட்டின் படகுகள் எல்லாம் வந்து அடைத்துக்கொண்டன. கூடையைத் தலையில் வைத்த ஒரு மீன்காரி படகுக்குப் படகு தாவி நேராக மன்னனிடம் வந்தாள்.

"ராசா, நான் உங்க அரமணைக்குத்தான் மீன் கொண்டு போறேன். அரமணைப் படி வரைக்கும் போயிட்டேன். என்னை எதுக்கு இங்க இழுத்துட்டு வந்தீங்க? மீனு நாறினா யாரு தின்பா?"

மன்னன் நாலடி தள்ளிப் போனான். கரையோரப் படகுகள் எல்லாம் நாலடி தள்ளி வந்தன. நின்றான், நின்றன. இந்தப் பக்கம் நடந்தான். இடித்துக்கொண்டும் திட்டிக்கொண்டும் இந்தப் பக்கம் வந்தன. மன்னன் மெதுவாக ஒரு காலை மட்டும் தூக்கினான். அத்தனை ஓடக்காரர்களும் துடுப்பைத் தூக்கினார்கள். அவன் காலைக் கீழே வைக்காமல் அப்படியே நின்று, குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தான். மீன்காரி சிரித்தாள். படகுகள் சிரித்தன. கடைசிப் படகில், தலைப்பாகை நனைந்து மூக்கின்மேல் சரிந்திருக்க வந்து சேர்ந்த பேரரையரைக் கண்டதும் சிரிப்பு இன்னொரு முறை கிளம்பியது.

"விடங்கா," என்றான் மன்னன் மூச்சு வாங்கிக்கொண்டு, "என்னை எங்காவது நிறுத்து. இவர்களையும் அவரவர் வழியில் அனுப்பு. எப்படியென்று சொல்."

விடங்கன் பேரரையரைப் பார்த்தான். பழிவாங்க நல்ல நேரம். ஆனால் அன்று அவன் மனத்தில் அதற்கு இடமில்லை.

"துறைநாயகர் சொன்னது பாதி சரி, மன்னா. இலுப்பைத்துறைக்காரனுக்கு அரண்மனைத் துறை வேண்டும். அது இல்லாவிட்டால் அவன் கரையிலேயே கிழவனாகிவிடுவான். பனையடிக்காரனுக்கு அது வேண்டாம். ஒரு படகு நிறைய ஆட்கள் ஒரே ஊருக்குப் போக நின்றால், படகு நேரே போகட்டும். ஆள் சேராத ஊர்க்காரர்கள் தீவுக்கு வந்து மாறிப் போகட்டும். எந்த ஊருக்கு நேர்ப் படகு என்று நாம் சொல்ல வேண்டாம். கரையில் நிற்கும் கூட்டமே சொல்லும். பிரசவத்துக்கும் நோய்க்கும் போகிறவர்களுக்கு மட்டும் எந்தத் துறையும் தடையாக இருக்கக் கூடாது."

"அப்படியே ஆகட்டும். பேரரையரே, இதை நீரே நடத்தும். உம்மைவிட்டால் இந்தப் படகுகளை யாராலும் மேய்க்க முடியாது" என்றான் மன்னன். அதில் ஒரு சிரிப்பு இருந்தது. அதைத் தன் பேச்சுக்குக் கிடைத்த சிரிப்பாக எண்ணிப் பேரரையர் கொஞ்சம் நிமிர்ந்தார்.

மன்னன் தன் முத்துமாலையைக் கழற்றி விடங்கனின் கழுத்தில் போட்டான். "இது போதாது. வேறு என்ன வேண்டும்? கேள்."

"அந்தக் காவல்படகு இனி இங்கே சும்மாதான் நிற்கும், மன்னா. அதைக் காத்தாயிக்குக் கொடுங்கள்."

மன்னன் கொடுத்தான். காத்தாயி படகைச் சுற்றி நடந்து பார்த்து, "கொஞ்சம் ஆடும்போல இருக்கு" என்று குறை சொல்லிவிட்டே வாங்கிக்கொண்டாள்.

வெயில் ஏறியும் மூடுபனி முழுதாகக் கலையவில்லை. படகுகள் ஒவ்வொன்றாகத் தம் தம் ஊரைப் பார்த்துப் பிரிந்தன. எல்லாம் போன பின் மன்னன் தன் படகில் ஏறினான். கொஞ்ச தூரம் போனதும், யாராவது பின்னால் வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தான். யாரும் வரவில்லை. மறுபடியும் பார்த்தான். பிறகு அவன் உருவம் வெண்மைக்குள் மறைந்தது. மறைந்த பிறகும் வெகுநேரம், அவன் தனியாகச் சிரிக்கும் சத்தம் தண்ணீர் மேல் தவழ்ந்து தாழங்கரைக்கு வந்துகொண்டே இருந்தது. தொட்டிலில் இருந்த குழந்தை அதைக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போனது.